ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: "பாட்டில் மூடிகளைக் கோத்துத் தொங்கவிடுகிறார்கள். எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கி வைக்கிறார்கள். தலைமுடியைக் கயிறாகத் திரித்துச் சுவரில் மாட்டுகிறார்கள். இவற்றைச் சிற்பம் என்று சொல்வது எப்படி நியாயம்? சோழர் காலத்து வெண்கலங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இதில் பார்க்க என்ன இருக்கிறது? யார் வேண்டுமானாலும் செய்துவிடலாமே?"

கேள்வியில் கோபம் தெரிகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நடராசரின் முன் அரை மணி நேரம் நின்றவருக்குத்தான் இந்தக் கோபம் வரும். உங்கள் கோபத்தில் பாதிக்கு நானும் உடன்படுகிறேன். பழைய சாமான்களைக் குவித்து, பக்கத்தில் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி ஒட்டிய கண்காட்சி அறைகள் பலவற்றிலிருந்து வெறும் மனத்தோடு நான் வெளியே வந்திருக்கிறேன். ஆனால் அதே மூடியையும் அதே பாத்திரத்தையும் கொண்டு செய்த சில படைப்புகள் என்னை நகரவிடாமல் நிறுத்தியிருக்கின்றன. இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்பதைச் சிற்பம் கற்பிக்கும் வேலையில் ஆண்டுக்கணக்காக யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த வழி எளியது. இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தைப் பாருங்கள். ஒட்டு, முடிச்சு, பற்றவைப்பு, தையல் என்று அதற்கு என்ன பெயர் இருந்தாலும் சரி, சிற்பம் அங்கேதான் இருக்கும். அல்லது அங்கேதான் இல்லாமல் போயிருக்கும்.

ஏன் சேரும் இடம்? நம் மரபிலிருந்தே தொடங்குகிறேன். மாமல்லபுரத்துக் கல்தச்சர் பாறையிலிருந்து வேண்டாததை நீக்குகிறார். கோபுரத்தில் சுதை வேலை செய்பவர் செங்கல்லின் மேல் சாந்தை அப்பி அப்பி உருவத்தை வளர்க்கிறார். சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். செதுக்குதல், அப்புதல், வார்த்தல். மூன்றிலும் பொருள் தன் பழைய அடையாளத்தை விட்டுக்கொடுத்துவிடுகிறது. நடராசரைப் பார்க்கும்போது உருக்கிய செம்பு நம் நினைவுக்கு வருவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நான்காவதாக ஒரு முறை வந்து சேர்ந்தது: பொருத்துதல். ஏற்கெனவே ஒரு பெயரும் ஒரு வேலையும் உள்ள பொருளை எடுத்து, அதன் பெயரை அழிக்காமல் இன்னொரு பொருளோடு சேர்ப்பது. 1942-இல், ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த பாரிசில், பிக்காசோ பழைய சாமான் குவியலிலிருந்து ஒரு சைக்கிள் இருக்கையையும் ஒரு கைப்பிடிக் கம்பியையும் எடுத்தார். இருக்கையைச் செங்குத்தாக நிறுத்தி அதன் மேல் கைப்பிடியைப் பொருத்தினார். காளையின் தலை வந்துவிட்டது. அதைப் பார்க்கும் எவருக்கும் காளையும் தெரியும், சைக்கிளும் தெரியும். ஒன்று மற்றொன்றை விழுங்குவதில்லை. கண் இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கும். பின்னர் அதை வெண்கலத்திலும் வார்த்தார்கள். வார்த்த பிரதியில் தோலும் இரும்பும் ஒரே உலோகமாகிவிடுகின்றன. எனக்கு அது அரைப் பங்கு குறைந்ததாகவே தோன்றுகிறது. தோல் வந்து இரும்பைத் தொடும் அந்த ஓர் அங்குலத்தில்தான் காளை உயிரோடு இருக்கிறது.

இந்த இடத்தில் பலர் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்பையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அவர் 1913-இல் ஒரு சைக்கிள் சக்கரத்தை மர ஸ்டூலின் மேல் பொருத்தினார். 1917-இல் நியூயார்க் கண்காட்சி ஒன்றுக்குச் சிறுநீர்க் கலம் ஒன்றைக் கையெழுத்திட்டு அனுப்பினார். கலை என்று எதை, யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அது பெரிய கேள்விதான், ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல. பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். அதனால் டுஷாம்பை விட்டுவிட்டு, கண்ணுக்கும் கைக்கும் வேலை வைப்பவர்களிடம் போகிறேன்.

பாட்டில் மூடி என்று நீங்கள் சொன்னது அநேகமாக எல் அனாட்சுயியின் படைப்பாக இருக்கும், அல்லது அவரைப் பின்பற்றி வந்த ஒன்றாக இருக்கும். அவர் 1944-இல் கானாவில் அன்யாகோ என்ற ஊரில் பிறந்தவர். 1975-இல் நைஜீரியாவின் நுசுக்கா பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பிக்கப் போய், வாழ்க்கையின் பெரும்பகுதியை அந்த ஊரிலேயே கழித்தவர். ஒருநாள் திடீரென்று மூடிகளுக்கு வந்துவிட்டவர் அல்லர். முதலில் சந்தையில் பண்டங்களைப் பரப்பி விற்கும் மரத் தட்டுகளில் சூட்டுக்கோலால் குறிகள் இட்டார். பிறகு உடைந்த பானைகள். பிறகு மின்ரம்பத்தால் கீறிய மரப்பலகைகள், மரவள்ளிக்கிழங்கு துருவும் துருப்பிடித்த தகடுகள், பால் டின் மூடிகள். 1990களின் இறுதியில் நுசுக்காவின் ஓரத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன, மது பாட்டில் மூடிகள் நிறைந்த பை ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதை எடுத்துப்போய்ப் பட்டறையில் வைத்தார். என்ன செய்வதென்று புரியச் சில காலம் ஆயிற்று.

இப்போது ஒட்டைப் பாருங்கள். அந்த மூடிகள் அலுமினியத்தால் ஆனவை, திருகித் திறப்பவை. ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள்: தலையில் இருக்கும் வட்டம், கழுத்தைச் சுற்றியிருக்கும் பட்டை. பட்டையைப் பிரித்துத் தட்டினால் சிறு செவ்வகம். அதை முறுக்கினால் குச்சி. வட்டத்தை மடித்தால் பிறை. வெறும் வளையமாக விட்டால் பின்னால் இருக்கும் சுவர் தெரியும் சல்லடை. சிவப்பு, பொன், கறுப்பு, வெள்ளி எல்லாம் மதுக்கம்பெனிகள் தந்த நிறங்கள். அவர் எதற்கும் சாயம் பூசுவதில்லை. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் துளை போட்டு, மெல்லிய செம்புக் கம்பியால் பக்கத்துத் துண்டோடு முடிகிறார்கள். பட்டறையில் பல இளைஞர்கள் சேர்ந்து செய்யும் வேலை அது. முதலில் சிறு பாளங்கள் உருவாகும். அவற்றைத் தரையில் பரப்பி, சுற்றி வந்து பார்த்து, இடம் மாற்றி, பிறகே பாளத்தோடு பாளத்தை அவர் சேர்ப்பார். பூக்கடையில் உட்கார்ந்து பூக் கட்டுபவரின் விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஊசி கிடையாது, நார் மட்டும்தான். ஒவ்வொரு பூவும் அடுத்த பூவின் காம்பைத் தொட்டு நிற்கும். ஆனாலும் மாலை எந்தப் பக்கமும் வளையும். செம்புக் கம்பி முடிச்சும் அப்படித்தான். உலோகம் துணியாகிவிடுகிறது.

துணியானதால் இன்னொன்று நடக்கிறது. அந்தப் படைப்புக்கு நிலையான வடிவம் கிடையாது. மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பலாம். இந்த அருங்காட்சியகத்தில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் தொங்கும். எங்கே மடிப்பு விழ வேண்டும் என்பதை மாட்டுகிறவர்களே தீர்மானிக்கலாம் என்று அவர் விட்டுவிடுகிறார். கல்லிலும் வெண்கலத்திலும் பழகிய நமக்கு இது பெரிய அதிர்ச்சி. சிற்பம் என்றால் மாறாதது என்ற எண்ணத்தையே அவர் ஒரு கம்பி முடிச்சால் அவிழ்த்துவிட்டார். 2007-இல், இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியின்போது ஒரு பழைய மாளிகையின் முகப்பையே மூடியபடி அவருடைய படைப்பு தொங்கியது. 2015-இல் அதே பினாலே வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதை அவருக்குக் கொடுத்தது. 2023-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் கூடத்தில் அவருடைய மூன்று பெரும் தொங்கல்கள் இடம்பெற்றன.

ஏன் மூடி, வேறு பொருள் கூடாதா என்று கேட்டால் பதில் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் இருக்கிறது. ஐரோப்பிய வணிகர்கள் அங்கே பண்டமாற்றுக்குக் கொண்டுவந்த சரக்குகளில் மதுவும் ஒன்று. அந்தக் கரையிலிருந்து அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் அமெரிக்கக் கண்டத்துக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். அந்தக் கரும்பின் பாகிலிருந்து ரம் வடித்தார்கள். மூன்று கண்டங்களை இணைத்த கொடுமையின் கண்ணி ஒவ்வொரு மூடியிலும் இருக்கிறது. இதை அவர் சுவரில் எழுதி ஒட்டுவதில்லை. தூரத்தில் நின்றால் கானாவின் கெண்டே நெசவைப் போல மினுங்கும். அவருடைய தந்தையும் சகோதரர்களும் அந்த நெசவு தெரிந்தவர்கள். கிட்டே போனால் மதுக்கம்பெனியின் பெயர் கண்ணில் படும். அழகும் அதன் விலையும் இரண்டடி தூரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

அடுத்தது பாத்திரங்கள். சுபோத் குப்தா 1964-இல் பீகாரில் பாட்னாவுக்குப் பக்கத்தில் உள்ள ககவுலில் பிறந்தவர். தந்தைக்கு ரயில்வேயில் வேலை. எவர்சில்வர் அவருக்கு நடுத்தர வீட்டுச் சமையலறையின் கனவு. நமக்கும் அப்படித்தானே? பழைய புடவைகளைப் போட்டு எவர்சில்வர் டப்பா வாங்கிய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். கல்யாணச் சீர்வரிசைப் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி வாங்குவோம். குப்தா 2006-இல் பாரிசில் ஒரு தேவாலயத்தில் பாத்திரங்களாலேயே ஆன பிரம்மாண்டமான மண்டையோட்டை வைத்தார். குடம், தட்டு, கரண்டி எல்லாம் சேர்ந்து கண்குழியும் பல்வரிசையும் ஆகியிருந்தன. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பாத்திரம் என்பதே வெற்றிடத்தைச் சுற்றிய தகடு. பசியும் அப்படித்தான், மண்டையோடும் அப்படித்தான். பொருளின் வயிற்றுக்குள் இருப்பதையே அவர் வெளியே எடுத்துக் காட்டியிருக்கிறார்.

2008-இல் செய்த அணுகுண்டுப் புகைக்குடை வேறு கதை. பாத்திரங்களால் ஆன 26 டன் எடையுள்ள காளான் மேகம். இப்போது டெல்லியில் கிரண் நாடார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதைப் பார்த்து வியக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. புதுப் பாத்திரங்கள், ஒரு அடுப்பையும் ஒரு கையையும் பார்க்காதவை. எந்தத் தட்டை எடுத்து எங்கே வைத்தாலும் மேகம் மேகமாகத்தான் இருக்கும். சேருமிடத்தில் எதுவும் நடக்கவில்லை. அவரே 2012-இல், முதலாவது கொச்சி-முசிறிஸ் பினாலேயில், ஒரு கேரளப் படகில் பாத்திரம், பாய், பழைய நாற்காலி என்று ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் ஏற்றி வைத்தார். அது என்னைத் தொட்டது. நசுங்கிய பாத்திரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் படகில் ஏற்றினால் ஒரு வீடு கிளம்பிப் போகிறது என்று தெரிகிறது. ஒரே கலைஞர், ஒரே வகைப் பொருள். ஒன்றில் பொருள் பேசுகிறது, இன்னொன்றில் கணக்கு மட்டும் பேசுகிறது. எண்ணிக்கையைக் கண்டு மலைத்துப்போகாதீர்கள் என்று மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தலைமுடிக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு அதிக ஆசை, ஏனென்றால் ஷீலா கவுடாவைப் போலப் பொருளை மதித்தவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. 1957-இல் கர்நாடகத்தின் பத்ராவதியில் பிறந்தார். ஓவியம் படித்தார், பெங்களூரு, பரோடா, சாந்திநிகேதன், லண்டன் என்று படிப்பு நீண்டது. பரோடாவில் அவருக்கு ஆசிரியர் கே.ஜி. சுப்ரமணியன். அவரை நாமும் நினைவில் வைக்க வேண்டும். கேரளத்தின் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்று, பிறகு சாந்திநிகேதன் போய்க் கலைஞரானவர். பொம்மை, நெசவு, சுடுமண் என்று கைவினையின் பொருள்களையும் கலையின் பொருள்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த ஆசிரியர் அவர்.

1992-93 பம்பாய்க் கலவரங்களுக்குப் பிறகு கவுடாவுக்குத் தூரிகையும் சாயமும் போதவில்லை. சாணத்தைக் கையில் எடுத்தார். வீட்டில் பெண்கள் தினமும் தொடும் பொருள்: வாசல் தெளிக்கிறது, தரை மெழுகுகிறது, வரட்டியாகி எரிகிறது. புனிதம் என்ற பெயரில் அரசியலுக்குள் இழுக்கப்படும் பொருளும் அதுவே. சாணத்தை அவர் எதன் சின்னமாகவும் ஆக்கவில்லை. தட்டினார், உருட்டினார், காயவைத்தார். பெண்களின் வேலையையே செய்து காட்டினார்.

அதன் பிறகு வந்ததுதான் நூலும் ஊசியும். தையல் ஊசிகள் பல. ஒவ்வொன்றின் காதிலும் மிக நீண்ட நூலைக் கோத்து, நூலின் பாதிவரை ஊசியை இழுத்துக்கொண்டு போகிறார். அப்படிக் கோத்த இழைகளையெல்லாம் சேர்த்து, குங்குமமும் பசையும் தடவிக் கனத்த சிவப்புக் கயிறாக்குகிறார். கயிறு சுவரிலும் தரையிலும் சுருண்டு, வளைந்து ஓடுகிறது. தூரத்தில் குடலைப் போல, தொப்புள்கொடியைப் போல இருக்கும். நடந்துபோய் நுனியைப் பார்த்தால்தான் அங்கே ஊசிகள் கொத்தாகக் கூர்மையோடு தொங்குவது தெரியும். கயிற்றின் முழு நீளமும் அந்தச் சின்னஞ்சிறு காதுகள் வழியே போய்வந்தது என்று புரியும் நொடியில் எனக்கு விரல் நுனி வலித்தது. ஒரு வாழ்நாள் வீட்டுவேலையை இதைவிடச் சொற்களின்றிச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. கூர்மை கடைசியில் இருக்கிறது, சேர்த்து முடிந்த இடத்தில்.

நீங்கள் பார்த்த தலைமுடிக் கயிறு 2009 வெனிஸ் பினாலேயில் முதலில் பலர் கண்ணில் பட்டது. இப்போது லண்டன் டேட் சேகரிப்பில் இருக்கிறது. கோயில்களில் மொட்டை போட்டுக் காணிக்கையாகும் முடியில் நீளமானது விக் செய்யப் போகிறது. எஞ்சும் குட்டை முடியைக் கயிறாகத் திரித்து விற்கிறார்கள். திருஷ்டி படாமலிருக்க அதை வண்டி பம்பரில் கட்டுகிறார்கள். பெங்களூரில் கவுடா பார்த்தது இதைத்தான். லாரியில் தொங்கும் கறுப்புக் கயிற்றை நாமும் ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம், அது யாரோ ஒருவரின் தலையில் வளர்ந்தது என்று ஒருமுறையும் நினைக்காமல். அவர் என்ன செய்தார்? ஏறத்தாழ 4,000 மீட்டர் முடிக்கயிற்றை எடுத்து, அதில் பளபளக்கும் இரும்பு பம்பர்களைத் தொங்கவிட்டார். வழக்கமாகக் கயிறு பம்பரில் தொங்கும். இங்கே பம்பர் கயிற்றில் தொங்குகிறது. அந்த ஒரே மாற்றம் போதும். நோய் தீர, பிள்ளை பிழைக்க, கடன் அடைய என்று வேண்டிக்கொண்டு தலை குனிந்த எத்தனையோ பேருடைய முடி, முகம் காட்டும் இரும்பைத் தாங்கி நிற்கிறது. பழனியிலோ திருப்பதியிலோ குழந்தைக்கு முடி இறக்கிய யாருக்கும் இந்தச் சிற்பத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

அவருடைய தார் டிரம் குடிசையையும் விட முடியவில்லை. சாலை போடுகிறவர்கள் காலியான தார் டிரம்களைத் தட்டித் தகடாக்கி, ஓரமாகக் குடிசை கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். 2006-இல் அந்த டிரம்களையும் தகடுகளையும் கொண்டு ஒரு கட்டடம் எழுப்பினார். வெளியே கோட்டைத் தூண்களைப் போல டிரம்கள் நிற்கும். உள்ளே குனிந்துதான் போக வேண்டும், ஒரே இருட்டு. தலை நிமிர்ந்தால் கூரையில் சிறுசிறு துளைகள். வெளிச்சம் விண்மீன்களாக இறங்கும். எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

ஒட்டு எவ்வளவு பேசும் என்பதற்கு இத்தாலியிலிருந்து ஒன்று. 1967-இல் ஜெர்மானோ செலன்ட் என்ற விமர்சகர் "ஏழைக் கலை" என்ற பொருள்படும் பெயரை அங்கிருந்த இளம் கலைஞர்களுக்குச் சூட்டினார். கந்தை, மண், நிலக்கரி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்தவர்கள். அவர்களில் ஜொவான்னி அன்செல்மோ 1968-இல் செய்தது: நிமிர்ந்து நிற்கும் ஒரு கருங்கல், அதன் மேற்பகுதியில் சிறு கல் ஒன்று செம்புக் கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு பச்சை லெட்டூஸ் கீரை. கீரை புதிதாக இருக்கும்வரை கம்பி இறுகியிருக்கும். வாடினால் கட்டுத் தளர்ந்து சிறு கல் விழுந்துவிடும். அதனால் காட்சியில் இருக்கும் நாளெல்லாம் யாராவது புதுக் கீரை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் படையல் வைப்பது நமக்குத் தெரிந்த பழக்கம்தான். கல்லை நிற்கவைப்பது கீரை என்பதைப் பாருங்கள். கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோ 2003-இல் இஸ்தான்புல்லில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே காலியாகக் கிடந்த இடத்தில் 1,550 மர நாற்காலிகளை அடுக்கினார். எங்கோ புறப்பட்டுப் போனவர்கள் அத்தனை பேரும் அந்தச் சந்துக்குள் நெருக்கித் திணிக்கப்பட்டதைப் போல இருந்தது. ஆனால் தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் சுவரைப் போலச் சமமாக, ஒரு கால்கூட வெளியே நீட்டாமல் இருந்தது. அந்தச் சமம்தான் வயிற்றைப் பிசைகிறது.

இவர்களெல்லாம் கலைக்கல்லூரி வழியே வந்தவர்கள். நேக் சந்த் அப்படி வந்தவர் அல்லர். இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் 1924-இல் பிறந்து, பிரிவினையில் ஊரை இழந்து வந்து, சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர். புது நகரம் கட்டப் பழைய கிராமங்களை இடித்துக்கொண்டிருந்த காலம் அது. இடிபாடுகளிலிருந்து உடைந்த பீங்கான், வளையல் துண்டு, மின்சாரப் பீங்கான் எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோய், 1957 முதல் யாருக்கும் தெரியாமல் ஒரு ராஜ்யத்தைக் கட்டினார். கட்டடம் கூடாது என்று சட்டம் விதித்த அரசு நிலம் அது. 1970களில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்திருக்கலாம். மக்கள் விரும்பியதால் பிழைத்தது. 1976-இல் பாறைத் தோட்டமாகத் திறந்தார்கள், அவருக்குச் சம்பளமும் ஆட்களும் கொடுத்தார்கள். சிமெண்ட் உடம்பில் வளையல் துண்டுகளை நெருக்கி நெருக்கிப் பதித்த அந்தப் பெண்ணுருவங்களின் முன் போய் நில்லுங்கள். இடிந்த வீடுகளில் இருந்த கைகளெல்லாம் அங்கே திரும்பி வந்து வரிசையில் நிற்கின்றன. 2015-இல் அவர் மறைந்தார்.

தமிழோடு தொடர்புள்ள இரண்டு படைப்புகளைச் சொல்லியாக வேண்டும். சங்கப் பாடல்களில் வரும் முசிறித் துறைமுகம் இருந்த இடம் என்று கருதப்படும் பட்டணத்தில், கேரளத்தில், அகழாய்வு நடந்தது. அங்கே ஏராளமான பானை ஓடுகள் கிடைத்தன. அகழாய்வாளர்கள் பதிவு செய்து முடித்துத் தேவையில்லை என்று ஒதுக்கியவை அதில் மிகுதி. கலைஞர் விவான் சுந்தரம் 2012 கொச்சி பினாலேயில் அந்த ஓடுகளைத் தரையில் பரப்பி ஒரு முழு நகரத்தையே அமைத்தார், மிளகையும் கூடச் சேர்த்து. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ சோறாக்கிய சட்டியின் துண்டு, மறுபடியும் மதிலும் தெருவும் ஆயிற்று. அன்றாடப் பொருள் என்றால் இன்றைய பொருள் மட்டும்தான் என்ற எண்ணத்தை அது மாற்றியது. மற்றது யாழ்ப்பாணத்தில். 1981-இல் எரிக்கப்பட்ட பொது நூலகம் திருத்தி எழுப்பப்பட்ட பிறகு, 2004-இல் அதே கட்டடத்தில் நடந்த கண்காட்சிக்காக, கலைஞர் தா. சனாதனன் ஊர் மக்களிடமிருந்து அவர்கள் வீட்டுப் பொருள்களைச் சேகரித்துக் காட்சிக்கு வைத்தார். போரைத் தாண்டி வந்த சாதாரணப் பொருள்கள். ஆவணங்கள் எரிந்த இடத்தில் வீட்டுச் சாமான்களே ஆவணங்களாக நின்றன. இதில் பசையும் இல்லை, கம்பியும் இல்லை. கொடுத்தவரின் நினைவும் நூலகத்தின் சுவரும் சேரும் இடமே அதன் ஒட்டு.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1960களில் சென்னைக் கலைப்பள்ளியைச் சுற்றி வளர்ந்தவர்களில் பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டி, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்து, முன்பக்கம் மட்டும் பேசும் சிற்பங்களைச் செய்தார். மூலவருக்குச் சாத்தும் கவசத்தைக் கண்ட கண் அது. பாத்திரப் பட்டறையின் தகடும் சுத்தியலும் கோயிலின் கவசமும் அவர் கையில் ஒன்றாயின. சோழமண்டலக் கலைக்கிராமத்துக்குப் போனால் அந்தத் தலைமுறையின் உலோக வேலையை நேரில் பார்க்கலாம்.

"யார் வேண்டுமானாலும் செய்யலாமே" என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஆம், கையில் எடுக்க யாராலும் முடியும். கருங்கல்லை எல்லோராலும் தொட முடியாது; மூடியைத் தொடலாம். அது இந்தக் கலையின் குறை அன்று, கொடை. ஆனால் பொருள் எளிதில் கிடைப்பதாலேயே ஏமாறவும் எளிது. நான் மாணவர்களிடம் வைக்கும் சோதனை ஒன்றுதான்: இந்தப் பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் படைப்பு அப்படியே நிற்குமா? நின்றால் அந்தப் பொருளுக்கு அங்கே வேலை இல்லை. அனாட்சுயியின் மூடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வட்டம் வைத்துப் பாருங்கள், கவுடாவின் முடிக்குப் பதிலாகச் சணல் வைத்துப் பாருங்கள். சரிந்துவிடும். காளான் மேகத்தில் பாத்திரத்துக்குப் பதிலாகப் பளபளப்பான எதை வைத்தாலும் மேகம் கலையாது.

அழிந்துபோகுமே என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம். உண்மைதான். சாணத்தில் பூச்சி விழும், ரப்பர் நொறுங்கும், கீரை அழுகும். அருங்காட்சியகங்களில் இதைப் பராமரிப்பவர்கள் படாத பாடு படுகிறார்கள். எங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பித்தளைக் குடம் ஒன்று இருக்கிறது. கழுத்துக்குக் கீழே ஒரு விரிசல். யாரோ பற்றுப் போட்ட தடம், கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாக, மேடாக இருக்கும். தண்ணீர் எடுத்த காலம் முழுவதும் கை அந்த மேட்டின் மேல் பட்டுப் பட்டு அது மழுங்கியிருக்கிறது. குடத்தில் வேறெந்த இடத்தையும் விட அந்த இடத்தில் என் கண் அதிக நேரம் நிற்கும். எனக்குச் சிற்பம் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

செய்து பார்க்க விரும்பினால் இந்த வாரமே தொடங்கலாம். பெட்டிக்கடையில் சொல்லிவைத்துச் சோடா மூடிகளில் ஒரு நூறு சேருங்கள். உள்ளே இருக்கும் ரப்பரை நீக்கிவிட்டு, அம்மியின் மேலோ கருங்கல் மேலோ வைத்துச் சுத்தியலால் தட்டையாக்குங்கள். நான்கு பக்கமும் ஆணியால் துளை போடுங்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் பழைய செம்புக் கம்பி எடைக்குக் கிடைக்கும். விரலில் சுற்றினால் வளைகிற மெல்லிசில் கேளுங்கள். பத்துப் பத்தாக முடிந்து, பிறகு பாளங்களைச் சேருங்கள். முடிச்சை இறுக்கினால் தகடாகும், தளர்த்தினால் துணியாகும். அந்த வேறுபாடு முப்பதாவது மூடியில் உங்கள் விரலுக்கே தெரியவரும். மூடியின் ஓரம் கையைக் கிழிக்கும், அரத்தால் ஒருமுறை தேய்த்துவிட்டுக் கோக்கத் தொடங்குங்கள்.